மிர்மெக்கிட்டிக்

கட்டைவிரலைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏழெட்டுத் தரம் பார்த்தாகிவிட்டது. வெள்ளைத் துணி சுற்றி மேலே பிளாஸ்திரி ஒட்டி, கைக்குழந்தைக்குக் குல்லாய் மாட்டின மாதிரி இருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. உள்ளே குடியிருந்த ஆசாமிதான் இல்லை. அவன் இந்த ஆஸ்பத்திரி லேப் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெழுகுக் கட்டிக்குள், சடையப்பன், வயது எழுபத்தெட்டு, வலது கட்டைவிரல் என்று சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆடி மாசத்தில் மிளகு அளவு இருந்தான். மருதானே என்றேன். தீபாவளிக்குச் சுண்டைக்காய் ஆனான். அதற்கும் மேலே காலிஃபிளவர் மாதிரி பூக்க ஆரம்பித்தபோது என் மகள் தமயந்தி, ஒரு பள்ளிக்கூடத்தையே கண்ணால் அதட்டி வைத்திருக்கிற தலைமையாசிரியை, அதே கண்ணால் என்னையும் அதட்டிக் கூட்டிவந்து வெட்டி எடுக்க வைத்தாள். கேன்சரா இல்லையா என்று செவ்வாய்க்கிழமை சொல்வதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது, கொஞ்சம் லேட்டாகும், வியாழக்கிழமை வாங்க என்று. இன்று வியாழன், மணி பத்தே கால், சேலத்து வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி என் செருப்புவரை வந்துவிட்டது. கெட்டது என்றால் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போகட்டும், இவ்வளவு தூரம் ஓட்டியாகிவிட்டது. லேட்டாகும் என்று ஏன் சொன்னார்கள். அந்த ஒரு சொல்தான் இரண்டு நாளாக என்னைத் தின்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எப்போது லேட்டாகும் என்பான் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் நானே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பெயர் காவேரியம்மா, ஓமலூர்ப் பக்கம். மடியில் ஒரு வயர்கூடை. நான் விரலைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விரல்ல என்னங்க பெரியவரே" என்றாள். "பாம்பு கடிச்சிருச்சுங்க." "அய்யோ, எப்பங்க?" "அறுபத்தொம்பதுல. கடிச்ச பாம்பு அப்பவே செத்துப்போச்சு. விசம் இப்பத்தான் எறங்குது." அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரரும் இப்பிடித்தான், வாயத் தொறந்தா பொய்யி. இப்ப அந்த வாயிலதான் சதை எடுத்து உள்ள குடுத்திருக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "பொய் சொன்னதுக்கு வந்ததுங்கறீங்களா?" "பொகையிலைக்கு வந்ததுங்க. பொய்யினால வர்றதா இருந்தா ஊருல எவனுக்கு வாயி மிச்சம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். இந்த அம்மாவை நான் வேலை பார்த்த கல்லூரியில் வைத்திருந்தால் இத்தனை கதை விட்டிருக்க முடியாது.

கல்லூரியில் நான் விட்ட கதைகளில் ஃபேன் கதைதான் பிரசித்தம். ஒரு நாள் கருங்கல்லை அவ்வளவு மெல்லிசாகத் தேய்த்துவிட்டேன், ஃபேன் காற்றில் எழும்பி ஜன்னல் வழியாகப் போய்விட்டது, போய்ப் பிரின்ஸ்பால் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, அன்று பூராவும் அவருக்கு மனுஷர் எல்லாம் கலர் கலராகத் தெரிந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் மூன்று பேருக்கு லீவு கொடுத்தார். பையன்கள் சத்தியம் பண்ணச் சொல்வார்கள், பண்ணுவேன். ஆனால் நான் செய்த வேலை அந்தக் கதையைவிட நம்ப முடியாதது. கருங்கல்லைக் கண்ணாடி ஆக்குகிற வேலை, செக்‌ஷன் போடுவது என்பார்கள். ஜியாலஜி டிபார்ட்மெண்டில் கல்லை ரம்பச் சக்கரத்தில் பிஸ்கட் மாதிரி வெட்டி, கனடா பால்சம் என்று ஒரு பிசின், அதைச் சூடுகாட்டிக் கண்ணாடித் துண்டில் கல்லை ஒட்டி, மறுபக்கத்தைக் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். இந்தக் கட்டைவிரலால் அழுத்தி எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே போனால், தலைமுடிக் கனத்தில் பாதிகூட இல்லை என்று ஆகும்போது கருங்கல் வெளிச்சத்தை உள்ளே விடும். மலையே தன் வீட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் வெங்கச்சங்கல், குவார்ட்ஸ் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்களே அது, கனமாக இருக்கிற வரை மஞ்சளாக மின்னும். மஞ்சள் போய் வெள்ளைச் சாம்பல் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நாலே நாலு சுற்றுத் தேய்த்தால் போச்சு, கல் இருக்காது, வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். இங்கே மெழுகில் வைத்து வெட்டுகிறவர்கள் என்னைவிட ஆறு மடங்கு மெல்லிசாக வெட்டுகிறார்களாம், தமயந்தி போனில் பார்த்துச் சொன்னாள். கேட்டதும் பொறாமையாக இருந்தது. வெட்டப்படுவது என் சதை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அந்த நாலு சுற்றை நான் தேய்த்தது எழுபத்து மூன்றில். நினைக்க வேண்டாம் என்றாலும் இந்த பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு எதை நினைப்பது. எங்கள் ஜியாலஜி புரொபசர் ஞானாபரணம் சார் பாளையங்கோட்டைக்காரர், கறுத்த மனுஷர், காக்கி அரைக்கால் சட்டை. மலை மலையாக ஏறுவார். எங்கள் கல்லூரியிலேயே என்னை ஓய், வாரும், போரும் என்று மரியாதை கொடுத்துக் கூப்பிட்ட ஒரே ஆள். மற்றவர்களுக்கு நான் டேய்தான், கொஞ்சம் நல்லவர்களுக்கு அட்டெண்டர். சங்ககிரிப் பக்கம் ஒரு கிணறு வெட்டினார்கள், நூறு அடியில் புதுமாதிரி ஒரு கல் வந்தது என்று கேள்விப்பட்டுக் கயிற்றில் இறங்கிப் போய்ப் புளியங்கொட்டை அளவு ஒரு சில்லு பெயர்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் ஊற்று உடைத்துக்கொண்டு கிணறு நிரம்பிவிட்டது. இனி அந்தக் கல்லை மீன்தான் பார்க்க முடியும். "பத்திரம் ஓய், இது ஒண்ணுதான் இருக்கு" என்று என் கையில் கொடுத்தார். நான் பத்திரமாகத்தான் ஆரம்பித்தேன். சாம்பல் வர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது பி.எஸ்ஸி. பையன்கள் நாலு பேர் வந்து, அண்ணே அந்த ஃபேன் கதையைச் சொல்லுங்க என்றார்கள். சொன்னேன். பிரின்ஸ்பால் மூக்குக்கண்ணாடிவரை கதை போனபோது கையும் போய்க்கொண்டுதான் இருந்தது. பையன்கள் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். கண்ணாடி. துடைத்த மாதிரி கண்ணாடி. ஒரு மலையின் அடிவயிறு, கோடி கோடி வருஷம் இருட்டில் பொறுமையாக இருந்தது, என் வாய்க்கு இரையாகிவிட்டது.

அப்போது எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. கல்யாணம் ஆகி எட்டு மாதம். சார் மத்தியானம் வந்து, என்ன ஓய் ஆச்சா என்றார். "பிசின் காயலைங்க சார், கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். மறுநாளும் லேட்டாகும் என்றேன். இதே சொல். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் பின்னால் பையன்கள் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது, அதன் மூலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டுச் சில்லைப் பெயர்த்தேன். விடியக் காலையில் வந்து ஒட்டித் தேய்த்து, கிணற்றுக் கல்லின் சீட்டை அதன்மேல் ஒட்டி மேஜையில் வைத்துவிட்டேன். அது என்ன கல், எந்த மலையில் வெட்டியது, யாருக்குத் தெரியும். எத்தனையோ பனியன் அழுக்கைத் தின்ற கல்.

அன்று பத்து மணிக்கு சார் அறைக்குள் இருந்து, "ஓய் சடையப்பன், இங்க வாரும்" என்று சத்தம். தொலைந்தேன் என்று போனேன். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "குனிஞ்சு பாரும். என்ன தெரியுது?" பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு, அதற்குள் நெளிநெளியாக ஏதோ. "புழு சார்." "எல்லாப் பயலும் புழுவத்தான் பாப்பான். புழுவ விடும். அந்தப் புழு எதுக்குள்ள நெளியுதுன்னு பாரும். பக்கத்துக் கல்லுக்குள்ள மொட்டு மொட்டா வீங்கிட்டுப் போயி நிக்குல்லா, அது என்ன மாதிரி இருக்கு?" நான் வாயில் வந்ததைச் சொன்னேன், "மரு மாதிரிங்க சார்." சார் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அதாம்வே அதுக்குப் பேரு. மிர்மெக்கிட்டிக்." பின்லாந்துக்காரர் ஒருத்தர், கல் ஆராய்ச்சிக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதே காட்சியைப் பார்த்துவிட்டு, கிரேக்கத்தில் மருவுக்கு என்ன சொல் என்று தேடி எடுத்து வைத்த பெயராம். கிரேக்கத்தில் எறும்புக்கு இருக்கிற சொல்லிலிருந்து அந்த மருவின் சொல் வந்தது. அந்தக் காலத்து வைத்தியர்கள் ஒருவகை மருவை, எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுக்கிறது என்று எறும்புப் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். "மிர்மெக்கைட்னா சாமானுக்குப் பேரு. மிர்மெக்கிட்டிக்னா அந்தக் குணம். இந்தக் கல்லுக்கு அந்தக் குணம் இருக்கு. பாதி வாத்தியானுக்கு இந்தச் சொல் தெரியாது. தெரிஞ்சவனும் புழுன்னுதான் அர்த்தம் சொல்லுவான். நீரு கிரேக்கம் படிச்சீரா, பின்லாந்து போனீரா? பாத்த ஒடனே மருன்னீரு பாரும்." என் வாழ்க்கையில் ஒரு படித்த மனுஷர் என் கண்ணைப் பார்த்து என்னைப் பாராட்டின முதல் தடவை அது. அது துவைக்கிற கல்லுக்காக. அந்த இடத்தில்தான் நினைப்பு எப்போதும் மாட்டிக்கொள்கிறது, வேட்டி முள்ளில் மாட்டின மாதிரி. முன்னால் இழுத்தால் சந்தோஷம் கிழிகிறது, பின்னால் இழுத்தால் வெட்கம் கிழிகிறது. அந்தச் சொல்லை அன்று முதல் விடவில்லை. பையன்களுக்கு அதற்கும் ஒரு கதை செய்தேன். பின்லாந்துக்காரர் சங்ககிரி மலைக்கு வந்தார், எறும்புப் புற்று என்று தெரியாமல் உட்கார்ந்தார், எழுந்தபோது கத்தின சத்தம்தான் மிர்மெக்கிட்டிக். ஒரு பையன் அதைப் பரீட்சையில் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கினான். கதை மேலே கதையாகப் போட்டு மூடினேன். அடியில் அந்தத் துவைக்கிற கல் அப்படியே கிடந்தது.

நாலு நாள் கழித்து சார் ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். "இதுக்கும் ஒரு செக்‌ஷன் போடும் ஓய். ஒப்பிட்டுப் பாக்கணும்." பிரித்தேன். கருங்கல் சில்லு. ஒரு முகத்தில் திட்டாக ஊதா கலந்த நீலம், வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே சொட்டு நீலம். துவைக்கிற கல்லேதான். அப்புறம் யோசித்துத்தான் புரிந்தது. நான் வைத்த ஸ்லைடில் கல்லின் ஒரு மயிரிழை விரிசலுக்குள் நீலம் ஊறியிருந்திருக்கும். நூறு அடிக் கிணற்றின் அடியில் சலவை நீலம் எப்படி வரும். சார் ஹாஸ்டலுக்குப் பின்னால் போய், குந்தி உட்கார்ந்து, நான் உடைத்த மூலைக்குப் பக்கத்திலேயே உடைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் இன்னொரு கதை விட்டிருப்பேன், இரண்டில் எது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்தச் சில்லைத் தேய்த்தேன். என் கையால் போட்ட ஸ்லைடுகளிலேயே அதுதான் ஒன்றாம் நம்பர். சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் மாதம் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது, கீழே சிபாரிசு செய்தவர் கையெழுத்து அவருடையது.

அவர் ரிட்டயர் ஆனபோது அந்தக் கல்லைப் பற்றி எழுதின கட்டுரை அச்சான தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ். நான் அதை டிரங்குப் பெட்டியில் வைத்து மேலே ஜமுக்காளம் போட்டேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியுமே, கிணற்றுக் கல் மிர்மெக்கிட்டிக் என்று இருக்கும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் அப்படியே விட்டிருப்பார், நான் அச்சில் ஏற்றின பொய். இரண்டு வருஷம் கழித்து தமயந்தி பிளஸ் டூ படிக்கும்போது எடுத்துவிட்டாள், படிக்கிறேன் என்றாள், தடுக்க முடியவில்லை. படித்து அர்த்தம் சொன்னாள். கல்லூரி விடுதியின் துவைக்கும் கல்லில் மிர்மெக்கிட்டிக் குணம் மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. கிணற்றில் கிடைத்த கல்லின் சில்லு, தயார் செய்யும்போது வீணாகிவிட்டது. கடைசியில், செக்‌ஷன்கள் தயாரித்துக் கொடுத்த திரு. சடையப்பனுக்கு நன்றி. "யாருப்பா வீணாக்குனது?" என்று கேட்டாள். "எலி" என்றேன். "கல்லையா?" "அந்தக் காலத்து எலி கண்ணு." சிரித்தாள். நான் புழக்கடைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினேன், ரொம்ப நேரம் கழுவினேன். மனுஷர் பொய்யும் எழுதவில்லை, என்னையும் எழுதவில்லை. எழுதின ஒரே இடத்தில் திரு போட்டு எழுதியிருக்கிறார். போன வருஷம் பாளையங்கோட்டையில் தொண்ணூற்றோராவது வயதில் போனார். ஒரு தடவையாவது போய், சார், அந்தக் கல் என்று ஆரம்பித்திருக்கலாம். பஸ் டிக்கெட்கூட ஒருமுறை எடுத்தேன். நாமக்கல்லில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன், வீட்டில் வண்டி பஞ்சர் என்றேன்.

மணி பத்தே முக்கால். உள்ளே கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறுகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதை என்னைவிட நன்றாக யார் சொல்ல முடியும். வெட்டும்போது கிழிந்திருக்கும். கதை பேசிக்கொண்டே வெட்டியிருப்பான். என் சதை போயிருக்கும். இரண்டு நாள் லேட்டாகும் என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வேறு எவனுடைய மெழுகுக் கட்டியையாவது எடுத்து, அதில் கொஞ்சம் சீவி, என் சீட்டை ஒட்டியிருப்பான். செய்ய முடியாதா, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். அப்படியென்றால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க என்று சொன்னால் அந்த ஒன்றுமில்லை யாருடையது. கேன்சர்தான் என்று சொன்னால் அது யாருடைய கேன்சர். என்னுடையது என்று நினைத்து நான் படுத்துக்கொள்வேன், நிஜமாகவே அது இருக்கிறவன் ஓமலூரில் உட்கார்ந்து புகையிலையை மென்றுகொண்டிருப்பான். காவேரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி வந்தாலும் நம்ப முடியாது, கெட்ட சேதி வந்தாலும் நம்ப முடியாது, அப்படி ஒரு இடத்தில் என்னை நானே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். சாவதுகூடப் பரவாயில்லை போலிருக்கிறது. அது என் சாவுதானா என்று தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

கவுண்டரில் தமயந்தியின் குரல் ஏறிவிட்டது. பிரேயர் மைதானத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். "செவ்வாய்க்கிழமைன்னீங்க, இன்னைக்கு வியாழன். ஏன் லேட்டுன்னு ஒரு காரணம் சொல்லுங்க, போதும்." கவுண்டர்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மெஷின் ரிப்பேருங்க மேடம்" என்றார். பிசின் காயலைங்க சார். அப்படியே அது. எழுந்து நின்றேன், எதற்கு என்று தெரியவில்லை. அப்போது அந்தக் கதவைத் திறந்துகொண்டு முப்பது வயது இருக்கும் ஒரு பெண், பச்சை கோட்டு, கையில் ரப்பர் உறை, சட்டையில் கோகிலவாணி என்று பெயர்ப்பட்டை, வெளியே வந்து நேராகத் தமயந்தி முன்னால் நின்றாள். "மெஷின் நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். கவுண்டர்க்காரர் தொண்டையைக் கனைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "சடையப்பன் அய்யாவோடத நான்தான் வெட்டினேன். பிளேடு மாத்தியிருக்கணும், மாத்தாம வெட்டிட்டேன். ஓரம் பூரா கிழிஞ்சிருச்சு. ஓரம் தெரியாம டாக்டர் ரிப்போர்ட் சொல்ல மாட்டாங்க. நல்லவேளை மெழுகுக் கட்டியில மிச்சம் இருந்துச்சு, நேத்து புது பிளேடு போட்டு மறுபடி வெட்டிக் குடுத்திருக்கேன். என் தப்புதாங்க மேடம்." குரல் பிசிறடித்தது. ஆனாலும் கடைசிவரை சொல்லி முடித்துவிட்டாள். இத்தனை வருஷமாக என்னால் முடியாததை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் முடித்துவிட்டாள். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில் இல்லை. கெடுத்துவிட்டேன் என்று சொல்லுகிற வாய்க்கு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கத் தெரியாது. உள்ளே இருப்பது நான்தான். நல்லதோ கெட்டதோ, அது என் சதை.

தமயந்தி விடவில்லை. "தப்புன்னா? ரெண்டு நாளா எங்கப்பா தூங்கலை தெரியுமா? நான் எழுதிக் குடுக்கப் போறேன்" என்று கைப்பையில் பேனா தேட ஆரம்பித்துவிட்டாள். சத்தம் கேட்டு ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் நூர்ஜஹான் வெளியே வந்தார், ஒல்லி, நரைமுடி, கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோகிலவாணியைப் பார்த்து, "பிளேடு மாத்தலையா? எங்கிட்ட நீ சொல்லலையே" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்பதுதான் ஆபத்து, எனக்குத் தெரியும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "டாக்டரம்மா, இதுல பிளேடு மேல தப்பில்லைங்க. இது வேற விரலு. முப்பத்தாறு வருசம் கருங்கல்லு தேய்ச்ச விரலு. தோலுக்குள்ள கார்போரண்டம் பொடி ஏறி வெங்கச்சங்கல்லாவே மாறிப்போச்சு. ஆபரேசன் பண்ணும்போது சர்ஜன் கத்தியே ரெண்டு ஒடஞ்சு மூணாவதுல தீப்பொறி பறந்துதுங்க. பஞ்சு பத்திக்கிச்சு. நர்சம்மாதான் தண்ணி ஊத்தி அணைச்சாங்க. இந்தப் பொண்ணு ஒரே பிளேடுல இந்த மட்டும் வெட்டினதே அதிசயம்." கவுண்டர்க்காரர் முதலில் சிரித்தார். காவேரியம்மா கண்ணைத் திறந்து, "பாம்பு கடிச்சுதுன்னீங்க" என்றாள். "கடிச்ச பாம்புக்குப் பல்லு போயிருச்சுங்களே, அப்பத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு" என்றேன். டாக்டர் என்னையே பார்த்தார். சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு, "கல்லு தேய்ச்சா தோலு தடிக்கிறது நெசந்தான். தடிச்ச தோலு வெட்றதும் கஷ்டந்தான்" என்றார். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "போ, அடுத்த கட்டிக்குப் புது பிளேடு போட்டு ஆரம்பி" என்றார். அவள் போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். தமயந்தி பேனாவை மூடிக்கொண்டு, "அப்பா, நீங்க இருக்கீங்களே" என்றாள்.

டாக்டர் கையிலிருந்த காகிதத்தைத் தமயந்தியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு எதிரே குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். கேன்சர்தான். ஆனால் அதில் ரொம்ப மெதுவாக வளர்கிற வகை, பெரும்பாலும் வேறு இடத்துக்குப் போகாது. வெரூக்கஸ் என்று பெயர். "அப்படின்னா மரு மாதிரின்னு அர்த்தம் அய்யா, லத்தீன்ல" என்றார். "கிரேக்கத்துல அதுக்கு வேற சொல்லு இருக்குதுங்க" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். நான் மேலே சொல்லவில்லை, சொல்ல ஆரம்பித்தால் இன்று முடியாது. நேற்று மறுபடி வெட்டினதில் சுற்றிலும் ஓரம் தெளிவாகத் தெரிகிறதாம். ஓரம் முழுவதும் சுத்தம். இருந்தது எல்லாமே வெட்டினதோடு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டார், உள்ளே போனார், கதவு ஆடி நின்றது. நான் அந்தக் கதவைப் பார்த்துக் கும்பிட்டேன். டாக்டருக்கும் கோகிலவாணிக்கும், உள்ளே கழித்துப் போட்டிருக்கிற மொட்டைப் பிளேடுக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. பாளையங்கோட்டை எந்தத் திசை என்று இங்கிருந்து தெரியவில்லை, அதனால் கொஞ்சம் திரும்பி இன்னொன்று.

காவேரியம்மா, "சுத்தமா வந்துருச்சுங்களா" என்றாள். "வந்துருச்சுங்க." "எங்கூட்டுக்காரருக்கும் அந்தப் பொண்ணுதான் வெட்டுதாம்" என்றாள். "புது பிளேடுங்க. என் முன்னாலதான் சொன்னாங்க" என்றேன். இதில் கலப்பில்லை. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், நம்பிவிட்டாள். தமயந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காகிதத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்தாள். பள்ளிக்கூடக் குரல் பாதியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஓரங்கள் அனைத்தும் நோயற்றவை என்கிற இடத்தில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள், மறுபடி வாசித்தாள். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நன்றாகக் கேட்டது. "காது சரியாக் கேக்கல கண்ணு" என்றேன், "இன்னொரு தரம் படி."